நாயம் தூங்காத ஊர்

கை தவறி விழுந்த போன் எது, சுவரில் அடித்த போன் எது என்று கவுண்ட்டரில் வைத்த உடனே சொல்லிவிடுவேன். விழுந்த போனுக்கு மூலையில்தான் அடி பட்டிருக்கும், விரிசல் அங்கிருந்து கிளம்பி ஓடும். அடித்த போனுக்கு ஃபிரேமே வளைந்து, காம்போ என்று நாங்கள் சொல்லும் டிஸ்ப்ளே நடுவில் நொறுங்கியிருக்கும். கொண்டு வருகிறவர் பெரும்பாலும் அம்மா. "கை தவறிடுச்சுங்ணா" என்பார். பின்னால் ஒரு பையனோ பெண்ணோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நானும் "சரிங்க்கா, சாயங்காலம் வாங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். எறிந்தது அப்பனா பிள்ளையா என்று கேட்பது தொழில் தர்மம் இல்லை.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் 2009-லிருந்து இந்தச் சர்வீஸ் கடை. ஆரம்பத்தில் டாப்-அப் கார்டு விற்பதும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும்தான் பிழைப்பு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாசத்துக்கு ஒரு ஜிபி போட்டு அதிலும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த ஊர், நாளுக்கு ஒரு ஜிபியை ராத்திரிக்குள் தீர்க்கப் பழகியது. 2020-ல் ஊரடங்கு. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். ஆட்டை விற்றும் சீட்டைத் தள்ளி எடுத்தும் பிள்ளைக்குப் போன் வாங்கியவர்கள் என் கடைக்குத்தான் அதை செட்டிங் செய்ய வந்தார்கள். அந்த ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பத்து நாள் போகவில்லை, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. "டிக்டாக் போச்சுங்ணா, வேற ஏதாச்சும் போட்டுக் குடுங்க" என்று வந்த பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்டாவில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். வந்ததில் பாதி ஆறாவது, ஏழாவது படிக்கிறதுகள். பிறந்த வருஷம் கேட்கும் இடத்தில் 2000 என்று தட்டியது என் விரல்தான். அதற்கு இருபது ரூபாய் கூலி வேறு வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இனிமேல் எழுதப்போவது உத்தமன் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

என் மகளிடம் வருகிறேன்.

முந்தின வருஷம் மாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கம்பம் நட்டு ராத்திரியெல்லாம் இளவட்டங்கள் ஆட்டம், கடைசி நாள் மாவிளக்கு, பொம்பளைகள் கும்மி. மகள் அப்போது ஒன்பதாவது. நாலு வயசிலிருந்து அவளுடைய அமுச்சியின் (பாட்டியின்) முந்தானையைப் பிடித்துக்கொண்டு கும்மி ஆடியவள். அன்றைக்கு ஒரு சுற்றில் அடி தப்பிவிட்டது. எல்லோரும் உள்ளே குனிய இவள் வெளியே திரும்பிவிட்டாள். பக்கத்திலிருந்த அத்தை தோளைப் பிடித்துத் திருப்பிவிட, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றிருந்தேன், எனக்கு அது நினைவில்கூட நிற்கவில்லை.

யாரோ எடுத்த வீடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, அதில் ஒரு காமெடிக் குரலை ஏற்றி, ரீலாகப் போட்டுவிட்டார்கள். மகள் கொஞ்சம் பூசின உடம்பு. கீழே வந்ததெல்லாம் அதைப் பற்றித்தான். "நிலநடுக்கமாப்பா?" என்று ஒருவன். அதற்குக் கீழே நாற்பது சிரிப்பு. பார்த்தவர்கள் 14 ஆயிரம் பேர். எங்கள் ஊரில் குஞ்சு குளுவானெல்லாம் சேர்த்து எண்ணினாலும் இரண்டாயிரம் தேறாது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பேட்டரி.

அவளுக்கென்று போன் கிடையாது. அவளுடைய அம்மாவின் பழைய போன்தான். "காத்தாலைக்குள்ள சார்ஜ் காலியாயிடுதுங்ப்பா" என்றாள். தொழில்காரன் அல்லவா, கடைக்குக் கொண்டுபோய்ப் புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே கதை. பேட்டரி டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று ஈரோட்டு மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அப்புறம்தான் செட்டிங்கில் பேட்டரிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். எந்த நேரத்தில் எவ்வளவு சார்ஜ் இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். ராத்திரி பன்னிரண்டரையிலிருந்து விடியக்காலை நாலு வரைக்கும் அந்தக் கோடு சரிந்துகொண்டே போனது. ஒரு நாள் இல்லை, அது காட்டிய எல்லா நாளும்.

என்ன பார்த்தாள் என்று நினைக்கிறீர்கள்? படமா, பாட்டா? ஒன்றும் இல்லை. அந்த ஒரு ரீலைத் திறந்து, புதிதாக யாராவது ஏதாவது எழுதிவிட்டார்களா என்று இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். மலையடிவாரத் தோட்டங்களில் மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல் இருப்பார்களே, கண் அசந்தால் வந்துவிடும் என்று உட்கார்ந்தே விடியவிடுவார்களே, அந்த மாதிரி. காவல் இருந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? பன்றிக்காவது வெடி போடலாம்.

எங்கள் பக்கம் பேச்சுக்கு நாயம் என்று பேர். ஊர்நாயம் என்றால் அடுத்த வீட்டுக் கதை. இது போன் வந்த பிறகு வந்த சீக்கு என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பொழுதெல்லாம் இங்கே அதுதான் வேலை. யார் வீட்டுப் பெண் எவ்வளவு நகை போட்டுக்கொண்டு போனாள், எவன் தோட்டத்தை எவன் வாங்கினான், எந்தப் பையன் எத்தனை மார்க். பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, பிள்ளைகள் நொந்துபோகிறார்கள் என்று. ஊர் நிறுத்தியதா? ஃபிளெக்ஸ் போர்டில் இருந்தது வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு வந்தது, அவ்வளவுதான். பெரிய மனிதர்கள்தான் வைக்கிறார்கள். 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், அளந்து பார்க்க வேறு கோல் இல்லாதபோது மனிதன் தன்னை அடுத்தவனோடு வைத்துத்தான் அளப்பான், அதுவும் தன்னைப் போல் இருப்பவனோடு, என்று எழுதினார். கொங்கு நாட்டு ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் அவர் அதை ஒரு நாளில் கண்டுபிடித்திருப்பார்.

ஆனால் அந்த நாயத்துக்கு ஒரு நேரம் இருந்தது. பேக்கரியில் ராத்திரி பத்து மணிக்குச் சட்டர் இறங்கும். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கொசுவுக்குப் பயந்து எழுந்து போவார்கள். நான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனபோது ஊரே சிரித்தது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் யாரும் என் கட்டிலுக்கு வந்து சிரிக்கவில்லை. ஒரு மாசத்தில் வேறு எவனோ வேறு எதிலோ மாட்டினான், என்னை விட்டுவிட்டார்கள். மகளுக்கு அது கிடைக்கவில்லை. பேசுகிறவர்கள் தூங்கினாலும் பேச்சு தூங்குவதில்லை. எப்போது எடுத்துப் பார்த்தாலும் இப்போதுதான் சொன்ன மாதிரி சூடாக இருக்கிறது.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடியே வராமல் ஓடுகிறதே, அந்த ஏற்பாட்டை 2006-ல் அசா ராஸ்கின் என்பவர் செய்தார். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். இங்கே போர் போட்டால்கூட ஆயிரம் அடியில் ஈரமோ புகையோ ஒன்று தெரிந்து வண்டியை நிறுத்துவார்கள். இதில் நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. லைக் பட்டன் ஃபேஸ்புக்கில் வந்தது 2009-ல், நான் கடை திறந்த அதே வருஷம். எப்போது வரும் என்று தெரியாமல், ஆனால் வரும் என்று மட்டும் தெரிந்த ஒன்றுக்குக் கை ஓயாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. லாட்டரிச் சீட்டை 2003-ல் இங்கே தடை செய்தார்கள். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் முகம் செத்துப்போய்ச் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றவர்களை நினைத்துக்கொண்டால் போதும், புறாகூட வேண்டாம்.

2021-ல் பிரான்சிஸ் ஹாகன் என்ற ஊழியர் ஃபேஸ்புக் கம்பெனியின் உள் காகிதங்களை வெளியே கொண்டுவந்தார். இன்ஸ்டாகிராம், மூன்றில் ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்கு உடம்பைப் பற்றிய கவலையைக் கூட்டுகிறது என்று அவர்களுடைய ஆராய்ச்சியாளர்களே 2019-ல் எழுதி வைத்திருந்தார்கள். கம்பெனி, அதைத் திரித்துச் சொல்கிறார்கள், நிறையப் பிள்ளைகளுக்கு நல்லதும் நடக்கிறது என்றது. எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே 2019-ல் ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் மூன்றரை லட்சம் பிள்ளைகளின் தகவலை அலசி, மனநலத்தில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் திரைக்குப் பங்கு அதிகம் போனால் 0.4 சதவீதம்தான் என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட அதே அளவு பழி விழுந்தது. படித்தபோது சிரித்தேன். அவர்கள் சொல்வது பொய் என்று நினைக்கவில்லை. தாலூகாவில் சராசரி மழை என்று வானொலியில் சொல்வார்கள், பெய்ததெல்லாம் அக்கட்டத் தோட்டத்தில் பெய்திருக்கும். நூறு பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்குகின்றன. வள்ளி கும்மியே இன்றைக்கு இத்தனை சின்னப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால் அதில் ரீல்ஸுக்கும் பங்கு உண்டு. நூற்றியொன்றாவது பிள்ளை என் வீட்டில் இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னா போனை வாங்கிருவீங்கல்லங்ப்பா" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு 2019 மார்ச் ஞாபகம் வந்தது. பொள்ளாச்சி விஷயம் வெளியே வந்த நேரம். சமூக வலைத்தளத்தில் பழகி, வரவழைத்து, வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டினார்கள். 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த மார்ச்சில் இரண்டு வாரம் என் கடையில் அப்பன்மார் கூட்டம். மகள் போனில் ஃபேஸ்புக்கை எடுத்துவிடு, கேமராவை அடைத்துவிடு, வெறும் பட்டன் போனாக மாற்றிக் கொடு. எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு அப்பன்கூட மகனுடைய போனைக் கொண்டுவந்து இதில் என்ன இருக்கிறது பார் என்று கேட்கவில்லை. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. தப்பு நடந்தால் போன் போய்விடும் என்பதை ஊரில் உள்ள பெண் பிள்ளைகளெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். எட்டு வயதில் என் மகளும் கடையில் ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ரீலைப் போட்டவன் பங்காளி மகன்தான். வீட்டுக்குப் போனேன். "சும்மா காமெடிக்குப் போட்டேனுங் சித்தப்பா" என்றான். முன்னாடியே நின்று அதை அழிக்கவைத்தேன். அழிப்பதற்கு முன்னால் கமெண்ட்டுகளை ஒருமுறை முழுக்கப் படித்தேன், படிக்கக் கூடாது என்று தெரிந்தும். பேரெல்லாம் கோக்குமாக்காக இருந்தாலும் முகப்புப் படம் சொல்லிவிடுகிறதே. வெளியூர்க்காரன் ஐந்தாறு பேர்தான். மிச்சம் எல்லாம் நம்ம ஊர், சுத்துப்பட்டு. அதில் நான்கு பேர் என் கடையில் போனுக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டிக்கொண்டு போனவர்கள். "நிலநடுக்கம்" எழுதியவனுக்கு இன்ஸ்டா கணக்கு ஆரம்பித்துக் கொடுத்ததே நான்தான். பிறந்த வருஷம் 2000.

ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான். மருத்துவர் ரீலைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். முதலில் கேட்டது தூக்கம். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், ட்யூஷன் எத்தனை மணிக்கு. ஐந்தரைக்கு ட்யூஷன். நாலு மணிக்குத் தூங்குகிறவள் ஐந்துக்கு எழுந்துகொண்டிருந்தாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், அதோடு பருவ வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப்போய் இயல்பாகவே நேரம் கழித்துத்தான் தூக்கம் வரும் என்றார். காலையில் ட்யூஷன் அந்தப் பக்கம் அரிக்கிறது, ராத்திரி போன் இந்தப் பக்கம் அரிக்கிறது. தூங்காத மனசுக்கு நாலு வரி கமெண்ட் நாற்பது வரியாகத் தெரியும் என்றும் சொன்னார். மாத்திரை எழுதவில்லை. சிலருக்கு வேண்டியிருக்கும், இவளுக்கு இப்போது வேண்டாம் என்றார். ஒன்பதரைக்கு மேல் வீட்டில் உள்ள மூன்று போனும் சமையலறை அலமாரியில் இருக்க வேண்டும் என்றார். மூன்றும் என்பதை இரண்டு தடவை சொன்னார், என்னைப் பார்த்து.

நான் பட்ட பாட்டைச் சொல்லக் கூடாது. முதல் வாரம் தண்ணீர் குடிக்க என்று நான்கு தடவை சமையலறைக்குப் போனேன். "ஏனுங், சக்கரை கிக்கரை வந்துடுச்சா, இத்தன தண்ணி குடிக்கிறீங்" என்று வீட்டுக்காரி கேட்டபோது மகள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு.

மருத்துவர் ஒரு சீட்டில் 14416 என்று எழுதிக் கொடுத்தார். மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடைச் சுவரில் பணம் அனுப்பும் க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். யாரும் அதைப் பற்றி வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் காசு கொடுக்க ஸ்கேன் செய்கிற மாதிரி போனைத் தூக்கி, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களை மாசத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன்.

கடைக்கு வருகிற அப்பா அம்மாக்கள் இப்போதும் கேட்பது பூட்டுதான். பேரன்டல் கண்ட்ரோல் போட்டுக் குடுங்க. போட்டுக் கொடுக்கிறேன். மூன்றாம் நாள் பையன் அதை எடுத்திருப்பான். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-லிருந்து 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்று சட்டம். நம் நாட்டிலும் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைத் தொடப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இங்கே முக்கால்வாசி வீட்டில் அப்பாவுக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதே பிள்ளைதான்.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில பொருளாதாரக்காரர்கள் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்து 2023-ல் வெளியிட்டார்கள். நாலு வாரம் இன்ஸ்டாவை விட்டு நீ மட்டும் இருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்குச் சராசரியாக 47 டாலர் கேட்டார்கள், டிக்டாக்குக்கு 59. சரி, உன்னோடு சேர்ந்து எல்லோரும் விட்டுவிட்டால்? தாங்களே கையிலிருந்து காசு கொடுக்கத் தயார் என்றார்கள், இன்ஸ்டாவுக்கு 10 டாலர், டிக்டாக்குக்கு 28. கடை வைத்திருக்கிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு விட எனக்கு ஆசைதான். எதிர்க் கடைக்காரன் திறந்திருக்கும்போது நான் மட்டும் எப்படி அடைப்பது? சங்கத்தில் கடையடைப்பு என்று அறிவித்துவிட்டால், சந்தா கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். மகளிடமும் நீ இன்ஸ்டாவை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தேன். "கிளாஸ்ல எல்லாரும் இருக்காங்ப்பா, நான் மட்டும் இல்லைன்னா என்னைப் பத்திப் பேசறதுகூட எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றாள். அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த மாசி நோம்பிக்கு அவள் கும்மிக்கு வரவில்லை. மாவிளக்கு எடுத்தாள், கோயில் வாசலில் அமுச்சியோடு உட்கார்ந்து பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் ஒரு பையன் தனியாக வந்தான். பிளஸ் டூ. போனைக் கவுண்ட்டரில் வைத்தான். நடுவில் நொறுங்கல், ஃபிரேம் வளைவு. "கை தவறிடுச்சுங்ணா." நிமிர்ந்து பார்த்தேன். நிலநடுக்கம். கன்னத்தில் விரல் அகலத்துக்குத் தடிப்பு. என்னை இன்னாருடைய அப்பா என்று அவனுக்குத் தெரியும், கண்ணிலேயே தெரிந்தது. வேறு வழி இல்லாமல் வந்திருப்பான்.

வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரை வந்தது. பழக்கத்தில் கை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டது. ஃபிரேமைத் தட்டி நிமிர்த்தி, பழைய காம்போவைச் சூடு காட்டிக் கழற்றி, புதியதை மாட்டி ஆன் செய்தேன். திரை தெரிந்தது.

"பேட்டரியும் மாத்திருங்ணா, சார்ஜே நிக்கறதில்ல" என்றான்.

செட்டிங்கைத் திறந்து பேட்டரிக் கணக்கைப் பார்த்தேன். ராத்திரி ஒன்றிலிருந்து நாலரை வரை சரிந்துகொண்டே போகும் கோடு. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பசை தடவி, காம்போவை அழுத்தி, சுற்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். காய எப்படியும் அரை மணி நேரம் ஆகும். ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, பேக்கரிக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னேன்.